அரக்கில் எழுந்தருளிய சாரீரம்

மறைந்துபோன வித்வான் ஒருவரின் சாரீரம், அவர் காலமாகி அரை நூற்றாண்டு சென்ற பின்னும், கரகரப்பும் இரைச்சலும் கலந்த ஓர் அரக்குத் தட்டிலிருந்து எழுந்து, அவரை ஒருநாளும் நேரில் கண்டிராத ஒருவனைக் கண்கலங்க வைக்கிறதென்றால், அவ்வாறு கலங்கச் செய்வது எது என்ற கேள்வி சங்கீத விமரிசகர்களுக்கு மட்டும் உரியதன்று. தத்துவ விசாரத்துக்கும் அதில் பங்கு உண்டு. மேனாட்டில் இக்கேள்வியைப் பெரும்பாலும் ஆண்குரலின் உச்ச ஸ்தாயியில் பாடும் ‘டெனர்’ பாடகர்களை முன்னிட்டே கேட்கிறார்கள். கரூஸோவையும் டமாக்னோவையும் பற்றி அங்கே எழுதப்பட்டவற்றுக்குக் கணக்கில்லை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டிய அவசியமில்லை. திருப்பதி மலையின் நிழலிலேயே, தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசும் சித்தூர்ச் சீமையிலேயே, இக்கேள்விக்கு வேண்டிய சாமக்கிரியைகள் அனைத்தும் கிடைக்கின்றன.

1898ஆம் வருஷம் புங்கனூரில் பிறந்து, காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் குருகுலவாசமாகச் சங்கீதம் பயின்று, 1954இல் சென்னை சங்கீத வித்வத் சபையின் சங்கீத கலாநிதியாகி, 1975இல் காலமான சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை கச்சேரி மேடையில் பல்லவிக்கும் லய விவகாரத்துக்கும் பேர்போனவர். மதுரை சோமு போன்ற சீடர்களை உருவாக்கியவர். ஆயினும் ஜனங்கள் அவரை அறிந்தது ‘மதுரா நகரிலோ’ என்று தொடங்கும் ஆனந்தபைரவிப் பாட்டின் கிராமபோன் பிளேட்டு வழியாகத்தான். மோர் விற்க வடமதுரைக்குப் போகும் கோபிகை, வழிமறித்து நிற்கும் கண்ணனிடம் வழி விடுமாறு கெஞ்சுகிறாள். பாட்டின் விஷயம் அவ்வளவே. பெட்டிக்குச் சாவி கொடுத்து, புது ஊசி மாட்டி, தட்டின் விளிம்பில் மெல்ல இறக்கினால், முதலில் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போன்ற ஓசைதான் கேட்கும். அதற்குள்ளிருந்து ஒரு கனத்த ஆண்குரல் கிளம்பி, தாளத்தின் மேல் காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு, ஆனந்தபைரவியின் காந்தாரத்தை ஒரு சின்ன அசைவில் குழைத்துக் காட்டிவிட்டு, மூன்று நிமிஷ காலத்துக்குள் கோபிகையையும் கண்ணனையும் நம் முன் நிறுத்திவிட்டு மறைகிறது. பின்பு ஊசி நடுவட்டத்தில் சுற்றிச் சுற்றி உராயும் சப்தம் மட்டுமே மிஞ்சும். அதே பாட்டை இன்று எத்தனையோ பேர் தெளிவான ஒலிப்பதிவில் இன்னும் இனிமையாகப் பாடியிருக்கிறார்கள். இருந்தும், கேட்டுத் தேர்ந்த காது அந்தக் கரகரப்பான தட்டுக்கே திரும்பிப் போகிறது.

இதற்குச் சுலபமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் சில உண்டு. பழமையின் மேல் உள்ள பாசம் என்பார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பிறந்தே இராதவர்களுக்கு அந்தக் காலத்தின் மேல் ஞாபகம் சார்ந்த பாசம் எப்படி வரும்? அக்காலத்துப் பாடகர்கள் இக்காலத்தாரைவிட மேலானவர்கள் என்பார்கள். எல்லாக் காலத்திலும் கிழவர்கள் சொல்லிவரும் இந்த வார்த்தைக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை. சரித்திர ஆதாரம் என்பார்கள். ஆதாரம் ஆராய்ச்சியாளனுக்கு உதவும், அதைக் கேட்டு யாரும் அழுவதில்லை.

சப்தம் நித்யமா, அநித்யமா என்பது நம் தரிசனகாரர்கள் வெகுகாலம் வாதாடிய விஷயம். சப்தம் என்றும் உள்ளது, வாயும் காற்றும் அதை உண்டாக்குவதில்லை, மறைந்திருப்பதை வெளிப்படுத்துகின்றன, அவ்வளவே என்பது மீமாம்சகர் பக்ஷம். சப்தம் ஆகாசத்தின் குணம், காரணத்தால் பிறப்பது, பிறந்த மாத்திரத்தில் அழிவது என்பது நையாயிகர் பக்ஷம். கிராமபோனைக் கண்டிருந்தால் இவர்கள் இருவருமே அதைத் தத்தம் பக்ஷத்துக்குச் சாக்ஷியாக இழுத்திருப்பார்கள் என்று நான் எண்ணுவதுண்டு. தட்டின் வரியில் ஓசையின்றிக் கிடந்த சப்தம் ஊசி பட்டதும் வெளிப்படுகிறதே, இதற்குமேல் என்ன பிரத்யக்ஷம் வேண்டும் என்பார் மீமாம்சகர். வரியில் கிடப்பது சப்தமன்று, வெறும் மேடு பள்ளம். ஊசி ஓடும்போது பிறப்பது ஒவ்வொரு முறையும் புதிய சப்தம், நீங்கள் கேட்பது பாடகரின் குரலேயன்று, அதைப் போன்ற வேறொன்று என்பார் நையாயிகர்.

நையாயிகருக்கு இன்னொரு பலமான ஆயுதமும் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று என்பது பிற்பாடு நிலைத்த கணக்கு. தொடக்க காலத்துத் தட்டுகள் பல, 70க்கும் 80க்கும் இடையே அன்றைய யந்திரம் ஓடிய வேகத்தில் பதிவானவை. 78இல் ஓட வேண்டியதை எழுபத்து மூன்றரையில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை இறங்கும், சாரீரத்தின் கனம் மாறும், பாடகரின் வயதே மாறினாற்போலத் தோன்றும். அப்படியானால் எந்த வேகத்தில் கேட்பது அவருடைய குரல்? வேகத்தைக் கூட்டிக் குறைக்க மாறுபடும் ஒன்றை அந்த மனிதருடையது என்று எப்படிச் சொல்வது? இதற்கு மீமாம்சகரிடம் விடை இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் நையாயிகர் ஜெயித்துவிட்டார் என்றும் நான் ஒப்புக்கொள்ளத் தயாரில்லை. குரல் அழிந்துவிட்டது என்று நிரூபிப்பது, நாம் ஏன் கலங்குகிறோம் என்ற கேள்விக்கு விடையாகாது.

இத்தகைய தட்டுகள் எவ்வாறு உண்டாயின என்பதைச் சற்றுப் பார்த்தால்தான் விசாரம் மேலே நகரும். 1902ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 11ஆம் தேதி, மிலான் நகரத்து ஹோட்டல் ஒன்றின் அறையில், பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் கிராமபோன் கம்பெனி நிபுணர் தமது யந்திரத்தை நிறுத்திவைத்திருக்க, இருபத்தொன்பது வயதுள்ள என்ரிகோ கரூஸோ ஒரு தகரக் குழாயின் வாய்க்கு முன் நின்று, பியானோ துணையுடன் நூறு பவுன் கூலிக்குப் பத்துப் பாட்டுகளைப் பாடினார். பெரிய நாடக மண்டபத்தில் முழு வாத்திய கோஷ்டியையும் மீறிக் கடைசி வரிசைக்கு எட்டிய குரல் அது. இங்கேயோ குழாய்க்குள் தலையைக் கொடுத்து, உச்ச ஸ்வரம் வரும்போது மெழுகு பிளந்துபோகாமல் பின்னால் சாய்ந்து, மந்தர ஸ்தாயியில் முன்னால் குனிந்து, கடிகாரம் காட்டிய எல்லைக்குள் முடிக்க வேண்டியதாயிற்று. அதே கெய்ஸ்பர்க்தான் அவ்வருஷக் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தவர். அந்த அம்மாள் பாட்டின் முடிவில் தம் பெயரை இங்கிலீஷில் உரக்கச் சொல்லி முடிப்பார்; தட்டு அச்சாகும் ஜெர்மனியில் இருப்பவர்களுக்குப் பாடியவர் இன்னார் என்று தெரிய வேண்டாமா? நாமமும் ரூபமும் பிரிந்து போகாதபடி சாரீரமே தன் நாமத்தைச் சொல்லிக்கொண்ட விசித்திரம் அது. கரூஸோவின் குரலையும் கௌஹர் ஜானின் குரலையும் ஏற்றுக்கொண்ட அந்த அரக்கு, பெரும்பாலும் நம் தேசத்துப் பலாச மரங்களிலும் பூமரத்துக் கிளைகளிலும் பூச்சிகள் கக்கிய கொம்பரக்கிலிருந்து காய்ச்சி எடுத்து, கப்பலேறிப் போனது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

1887இல் வெர்டியின் ‘ஒதெல்லோ’ அரங்கேறியபோது அந்தப் பாத்திரத்தை முதன்முதல் பாடிய டமாக்னோ, ஐம்பது வயது கடந்து, மேடையை ஏறக்குறைய விட்டுவிட்ட நிலையில் 1903இல் தம் வீட்டிலேயே குழாய்க்கு முன் நின்று பாடினார்; இரண்டு வருஷத்தில் காலமாகிவிட்டார். நம் செங்கோட்டை கிட்டப்பாவோ 1933இல் இருபத்தேழே வயதில் போனவர். நாடகக் கொட்டகையில் ஒலிபெருக்கியின்றி நள்ளிரவு தாண்டியும் மேல் ஸ்தாயியில் சஞ்சரித்த அந்தச் சாரீரத்தை மேனாட்டார் கேட்டிருந்தால் டெனர் என்றே வகைப்படுத்தியிருப்பார்கள். அதுவும் மும்மூன்று நிமிஷத் துண்டுகளில் அடங்கத்தான் வேண்டியிருந்தது. விஸ்தாரமான ராகம் கிடையாது, நிரவல் கிடையாது, ரசிகர்களின் ‘ஆஹா’வும் கிடையாது. எதிரே இருப்பது ஒரு குழாய், அல்லது பின்னாளில் ஒரு மைக். இவ்வளவு பெரியது இவ்வளவு சிறியதற்குள் புகச் சம்மதித்தது என்பதுதான் இந்தத் தட்டுகளின் அந்தரங்கமான செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது.

பெரியது சிறியதற்குள் புகச் சம்மதிப்பதைப் பற்றி ஆழமாக ஆலோசித்தவர்கள் நம் வைஷ்ணவ ஆசாரியர்கள். பரம், வியூகம், விபவம், அந்தர்யாமி, அர்ச்சை என ஐந்து நிலைகளில் ஈசுவரன் இருக்கிறான் என்பது அவர்கள் சித்தாந்தம். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசன பூஷணத்தில் இவ்வைந்தையும் நீரின் நிலைகளாக வைத்துக் காட்டுகிறார். பரம் அண்டத்தைச் சூழ்ந்துள்ள ஆவரண நீர் போன்றது, வியூகம் பாற்கடல், அந்தர்யாமி நிலத்தடி நீர், ராம கிருஷ்ணாதி விபவங்கள் கரைபுரண்டு ஓடிய ஆறு, அந்த ஆறு வற்றிய பிறகும் அதன் தடத்தில் தங்கி நிற்கும் மடுவே கோயில் திருமேனியாகிய அர்ச்சாவதாரம். தாகம் எடுத்தவனுக்கு ஆவரண நீர் எட்டாது, பாற்கடல் தூரம், நிலத்தடி நீருக்குத் தோண்ட வேண்டும். வெள்ளத்தில் குடித்தவர்களோ அப்போது கரையில் இருந்த பாக்கியசாலிகள் மட்டும். பின்னால் வந்தவனுக்கு மடுதான் கதி. இந்த நூலுக்கு வியாக்கியானம் செய்த மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன்தான் திருவேங்கடமுடையானுக்குச் சுப்ரபாதம் பாடியவர் என்பதால், இந்தச் சித்தாந்தம் திருப்பதிக்கு அந்நியமானதன்று.

அர்ச்சையின் பெருமையாக ஆசாரியர்கள் எடுத்துச் சொல்லும் குணங்கள் இரண்டு. ஒன்று சௌலப்யம்: யாருக்கும் கிட்டும் எளிமை. மற்றொன்று பாரதந்திரியம்: சர்வ சுதந்திரனானவன் அர்ச்சகன் எழுப்பினால் எழுந்து, நீராட்டினால் நீராடி, ஊட்டினால் உண்டு, அடியவன் கைக்கு வசப்பட்டுக் கிடப்பது. கரைபுரண்ட சங்கீத வெள்ளம் ஒன்று வற்றிப்போன பிறகு, அதன் தடத்தில் தங்கிய மடுவாகத் தட்டு நிற்கிறது. சங்கீதத்தின் பேரரசனாக விளங்கியவர், இன்று ஏதோ ஒரு வீட்டுப் பிள்ளை சாவி கொடுத்தால் பாடுகிறார், ஊசியை எடுத்தால் நிறுத்துகிறார். நம் உள்ளத்தைக் கலக்குவது அந்தக் குரலின் பெருமையைவிட, அந்தப் பெருமை இவ்வாறு நம் கைக்கு வசப்பட்டுக் கிடக்கும் எளிமையே என்பது என் கட்சி.

ஒரு தட்டு ஆயிரமாக அச்சாகும்போது, உண்மையான பதிவு எது, பிரதி எது என்ற கேள்வியும் இங்கே தானாகத் தீர்ந்துபோகிறது. திருமலைக் கர்ப்பக்கிருஹத்தில் மூலவராகிய துருவமூர்த்தி ஒருவரே. ஆயினும் வைகானச முறைப்படி, பல்லவ குலத்துச் சாமவை என்னும் பெண்மணி சமர்ப்பித்த வெள்ளித் திருமேனியான போக ஸ்ரீனிவாசர், உக்கிர ஸ்ரீனிவாசர், உற்சவராகிய மலையப்ப சுவாமி, கொலுவு ஸ்ரீனிவாசர் என்று தனித்தனித் திருமேனிகளும் உண்டு. இரவு ஏகாந்த சேவையில் தங்கக் கட்டிலில் சயனிப்பவரும் காலையில் எழுப்பப்படுபவரும் போக ஸ்ரீனிவாசர்தான். மலையப்பரைச் சேவித்தவன் கால்பங்கு பெருமாளைச் சேவித்ததாக எண்ணுவதில்லை. எந்தத் திருமேனியிலும் பூர்ணமாகவே இருக்கிறான் என்பது சாஸ்திரம். புங்கனூரில் ஓடும் தட்டும் மதுரையில் ஓடும் தட்டும் ஒன்றுக்கொன்று நகல் என்று சொல்வதில் எனக்கும் ருசியில்லை.

மனிதக் குரலை அர்ச்சாமூர்த்தியோடு ஒப்பிடுவது அபசாரம் என்று ஒரு வைதிகர் சீறுவாரானால், அவர் சீற்றத்தில் நியாயம் இல்லாமலில்லை. அர்ச்சாமூர்த்தி கேட்பவன், தட்டு கேட்காது. தட்டுக்குக் காலமும் தெரியாது, கேட்பவன் யார் என்றும் தெரியாது. 1963இல் எம். எஸ். சுப்புலக்ஷ்மி அம்மாள் பாடிய வேங்கடேச சுப்ரபாதத் தட்டு, திருப்பதி வீதிகளில் டீக்கடைக்கும் பஸ்ஸுக்கும் வீட்டுக் கூடத்துக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. அதன் வருமானம் தேவஸ்தானத்து வேத பாடசாலைக்குப் போகும்படி அந்த அம்மாள் ஏற்பாடு செய்தார். அந்தக் குரல் கேளாமல் விடியும் நாள் அந்த ஊருக்கு இல்லை. ஆனால் மலைமேல் பொன்வாசலின் முன் நின்று சுப்ரபாதத்தை நாள்தோறும் மனிதர்களே ஓதுகிறார்கள். மார்கழி பிறந்ததும் அதை நிறுத்திவிட்டு ஆண்டாளின் திருப்பாவையை ஓதுகிறார்கள். தட்டுக்கு மார்கழி தெரியாது. அம்மாதத்திலும் கீழே கடைத்தெருவில் அது ‘எழுந்தருள்க’ என்று வேண்டிக்கொண்டே இருக்கிறது. சாரீரம் தங்கியிருக்கிறது, சமயம் அறிந்து மாறும் சக்தி போய்விட்டது. ஆகவே தட்டை அர்ச்சை என்று நான் சொல்வது சௌலப்யம், பாரதந்திரியம் என்ற இரண்டு லக்ஷணங்களின் மட்டில்தான். மறுமொழி தரும் சைதன்யம் அதில் இல்லை. கேட்பவன்தான் அதைக் கொண்டுவர வேண்டும்.

வெள்ளம் ஓடி மடு தங்காத இடத்தில் நிலைமை என்ன என்பதற்கும் அந்தப் பிரதேசத்திலேயே சாக்ஷி உண்டு. 1408இல் பிறந்து 1503இல் மறைந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் வேங்கடமுடையான் மேல் முப்பத்தீராயிரம் சங்கீர்த்தனங்கள் பாடினார் என்பது ஐதிகம். அவற்றில் சுமார் பதினாலாயிரம், இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாமிரப் பட்டயங்களில் பொறிக்கப்பட்டு, திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் அடைபட்டுக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் வெளிவந்தன. வேட்டூரி பிரபாகர சாஸ்திரியும் ராள்ளபள்ளி அனந்தகிருஷ்ண சர்மாவும் அவற்றை ஆராய்ந்து பதிப்பித்த உழைப்புக்குத் தெலுங்கர் மட்டுமன்றி நாமும் கடமைப்பட்டவர்கள். செம்பு சாஹித்யத்தை எழுத்துப் பிசகாமல் காத்தது; ஒவ்வொரு பாட்டின் தலையிலும் ராகத்தின் பெயரையும் காத்தது. அன்னமாசாரியர் எப்படிப் பாடினார் என்பதை மட்டும் அதனால் காக்க முடியவில்லை. இன்று நாம் கேட்கும் மெட்டுகளில் பெரும்பாலானவை சர்மா அவர்கள் முதலாகப் பிற்கால வித்வான்கள் அமைத்தவை. அவை அழகானவை என்பதில் ஆக்ஷேபமில்லை. ஆனால் அவை வேறு. ஐந்நூறு வருஷம் நிற்கும் செம்பு சொல்லை வைத்துக்கொண்டு குரலை விட்டது. கீழே விழுந்தால் நொறுங்கும் அரக்கோ, மூன்று நிமிஷத்துக்கேனும் குரலையே வைத்துக்கொண்டது.

நாயனாப் பிள்ளை விஷயம் இன்னும் மனத்தை உறுத்துவது. மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று லய வாத்தியங்கள் வரிசையாக அமர்ந்த ‘புல் பெஞ்ச்’ கச்சேரியில், அத்தனை பேரையும் எதிர்கொண்டு தாளத்தை விளையாட்டுப் பொருளாக்கியவர் என்று அவரைப் பற்றிக் கேள்விப்படுகிறோம். 1934இல் அவர் காலமானபோது கிராமபோன் வியாபாரம் சென்னை ராஜதானியில் கொழித்துக்கொண்டிருந்தது. இருந்தும் அவருடைய சாரீரம் நமக்கு இல்லை. மணிக்கணக்கில் வளரும் பல்லவியை மூன்று நிமிஷத்துக்குள் திணிக்க முடியாது என்பது உண்மையே. பெரியது சிறியதற்குள் புக மறுத்தால் அதைக் குறை சொல்லவும் முடியாது. பரத்வத்துக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் சீடரின் தட்டில் அந்தத் தாளக்கட்டின் நிழலைத் தேடும்போதெல்லாம், சீடர் இறங்கிவந்ததற்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது. குருவைத் தெரிந்துகொள்ள நமக்கு மிஞ்சிய வழிகளில் அது ஒன்று.

இக்காலத்தில் பழைய தட்டுகளின் இரைச்சலைக் கம்ப்யூட்டர் கொண்டு வடித்தெடுத்துப் புதிதுபோல ஆக்கித் தருகிறார்கள். கரூஸோ இறந்து பதினொரு வருஷம் கழித்து, 1932இலேயே, அமெரிக்கக் கம்பெனியார் அவருடைய பழைய பதிவுகளின் மேல் புதிய வாத்திய கோஷ்டியை வாசிக்கச் செய்து சேர்த்து வெளியிட்டார்கள். தூசியைத் துடைப்பது வேறு. இரைச்சலோடு சேர்த்துக் குரலின் ஓரங்களையும் செதுக்கி எறிவது வேறு. முன்னது ஆராதனை, பின்னது அலங்காரம் என்ற பெயரில் திருமேனியை ராவுவது. வேகத்தைச் சரிபார்த்துச் சுருதியை அதன் நிலையில் நிறுத்துங்கள், வேண்டுமானால் கடகடப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் கையை வைக்க வேண்டாம் என்பதே இவ்விஷயத்தில் என் தீர்ப்பு.

பரதந்திரமாகிவிட்ட ஒன்றைக் காப்பாற்றும் பொறுப்பு, அது யார் கையில் இருக்கிறதோ அவரைச் சேர்ந்தது. சித்தூர், புங்கனூர், வேலூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளின் பரணில் இன்னும் இத்தகைய தட்டுகள் இருக்கக்கூடும். வைத்திருப்பவர்கள் அவற்றை எடைக்குப் போடாமல், கேட்டுப் பதிவு செய்யத் தெரிந்தவர்களிடம் ஒருமுறை காட்ட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்தால் பாரம் தாங்காமல் கீழுள்ளவை வளையும், விரியும்; புத்தகங்களைப் போல நிறுத்தி வைக்க வேண்டும். வெயிலும் அடுப்புச் சூடும் ஆகா. இக்கால பிளாஸ்டிக் தட்டுக்குரிய நுண்ணிய ஊசியை இவற்றின் மேல் வைக்கக் கூடாது. இவற்றின் வரி அகலமானது, அதற்குத் தனி ஊசி உண்டு. எஃகு ஊசியில் கேட்பதானால் பக்கத்துக்கு ஒரு புது ஊசி மாற்றிக்கொள்ளுங்கள். அழுக்கைத் துடைக்க மெல்லிய துணியும் சிறிது தண்ணீருமே போதும். ஸ்பிரிட்டை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், அரக்கு அதில் கரைந்துவிடும்.